கறுப்பும் கனிவும்

உத்தமபாளையத்திலிருந்து இராயப்பன்பட்டிக்குச் செல்லும் சாலையில் ஏதேனும் ஒரு திராட்சைத் தோட்டத்திற்குள் நுழைபவர் முதலில் தலை குனிய வேண்டும். கல்தூண்களை நட்டு, கம்பி இழுத்து, அதன் மேல் கொடிகளைப் படரவிட்ட பந்தல்கள் அவை. பந்தலின் உயரம் போதுமானதாகவே இருக்கும்; ஆனால் தொங்கும் கொத்துகள் நெற்றியில் இடிக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே பச்சை நிற நிழல். கிழக்கே மேகமலை, மேற்கே கேரள எல்லையின் ஏல மலைகள். இடையில் இந்தப் பள்ளத்தாக்கு.

இப்பள்ளத்தாக்கில் பங்குப் பணி ஏற்ற புதிதில் நம்மை வியக்க வைத்தது ஒன்று உண்டு. ஒரே மாலை நடையில் நான்கு தோட்டங்களைக் கடந்தால் ஓராண்டின் நான்கு பருவங்களையும் காணலாம். ஒரு தோட்டத்தில் கொடிகள் மொட்டையாக நிற்கும், அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் பட்டாணி அளவுப் பச்சைப் பிஞ்சு, நான்காவதில் வியாபாரியின் ஆட்கள் பெட்டிகளில் பழம் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். திருமறை பேசும் திராட்சைத் தோட்டம் இப்படிப்பட்டதன்று. அங்கே குளிர்காலம் வரும், இலை உதிரும், கொடி உறங்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடை. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறையப் பத்துப் பாகைக்குள் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் கொடிக்கு உறக்கம் என்பதே இல்லை. குளிர்காலம் செய்ய வேண்டிய வேலையை உழவரின் கத்தரிதான் செய்கிறது. கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நூற்றிருபது நாளில் பழம். இரண்டு ஆண்டுகளில் ஐந்து போகம் எடுக்கிறார்கள். 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் பாயும் மண் அல்லவா!

இங்கே விளைவது பெரும்பாலும் பன்னீர்த் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். 2023-ஆம் ஆண்டு ‘கம்பம் பன்னீர் திராட்சை’ புவிசார் குறியீடு பெற்றபோது, பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் 1832-ல் இதைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்னும் செய்தியும் நாளிதழ்களில் வெளிவந்தது. ஒரு குருவானவர் திராட்சைக் கொடியை எதற்காக நட்டிருப்பார் என்று ஊகிப்பது நம் வாசகர்களுக்குக் கடினமன்று. இன்றோ அக்கொடியின் கனிகள் பழச்சாற்றுக் கடைகளுக்கும், மலையைக் கடந்து கேரளச் சந்தைகளுக்கும் போகின்றன. பீடத்திற்கு வரும் இரசம் புட்டிகளில் வேறெங்கிருந்தோ நமக்கு வந்து சேருகிறது.

திராட்சை பழுப்பதைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி என்று வாசகர் வினவலாம். ஒரு தவறு செய்திருக்கிறோம், அதுவே தகுதி. ‘நாம்’ என்று எழுதுவது இப்பக்கங்களின் மரபு, தவறு ஒருவருடையதே.

குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்தில் திருவருட்சாதனங்கள் பற்றிய வாய்மொழித் தேர்வு ஒன்று நடந்தது. பேராசிரியர் கேட்டார்: “பழுக்காத திராட்சையின் சாறு திருப்பலிக்குச் செல்லுமா?” “செல்லாது” என்றோம். “ஏன்?” என்றார். புனித அக்குவினா தோமையார் தம் இறையியல் தொகை நூலின் மூன்றாம் பாகத்தில், 74-ஆம் வினாவில் இதற்கு விடை தருகிறார். புளிப்பான காய்ச் சாறு இன்னும் உருவாகும் வழியில் இருக்கிறது, அது இரசத்தின் இயல்பை எட்டவில்லை, ஆகவே செல்லாது. அப்போதே பிழிந்த இனிய சாறோ இரசத்தின் இயல்பை ஏற்கெனவே பெற்றுவிட்டது. இனிப்பே அதற்குச் சான்று. ஆகவே அது செல்லும். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தோம். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அன்றுவரை நாம் ஒரு திராட்சைக் கொடியைக்கூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

1997-ல் திருத்தொண்டராக இருந்தபோது, திருப்பலி இரசம் தயாரிக்க அரசு உரிமம் பெற்றிருந்த ஒரு துறவற இல்லத்தில் சில மாதங்கள் தங்கிப் பணிபுரிய அனுப்பப்பட்டோம். இல்லத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்கள்மீது பிழை ஏதுமில்லை. வழக்கமாகப் பழம் வாங்கிவரும் சகோதரர் நோயுற்றிருந்தார். இல்லத் தலைவர் நம்மை அழைத்து, “கம்பம் பக்கம் போய் நல்ல பழமாக அறுநூறு கிலோ வாங்கி வாரும்” என்றார். இல்லத்தில் சாற்றின் இனிப்பை அளக்கும் கண்ணாடி அளவி ஒன்று இருந்தது. அதை எடுத்துச் செல்ல வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. கண்ணிருக்க அளவி எதற்கு?

மேகமலை அடிவாரத்தில் ஒரு பெரியவரின் தோட்டத்தைக் காட்டினார்கள். ஒன்றரை ஏக்கர். கொத்துகள் கறுத்துத் தொங்கின. நமக்கு மனம் நிறைந்தது. பெரியவர் தலையைச் சொறிந்தார்.

“சின்னச் சாமி, நெறம் வந்துருச்சு. ருசி இன்னும் வரல. ஒரு பத்து நா பொறுத்து வாங்க.”

“கறுத்துவிட்டதே, ஐயா.”

“கறுக்கிறது முந்தி, இனிக்கிறது பிந்தி, சாமி. வெதையக் கடிச்சுப் பாருங்க.”

ஒரு கனியைப் பிய்த்துத் தந்தார். நாம் கடித்தோம். புளிப்பும் இனிப்புமாக இருந்தது; நன்றாகவே இருப்பதாக நினைத்துக்கொண்டோம். விதையை உமிழ்ந்துவிட்டோம். மறுநாள் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. வண்டிக்கு வாடகை பேசியாயிற்று. அடுத்த வாரம் தேர்வு. “இன்றே வெட்டுங்கள்” என்றோம். அங்கியைப் பார்த்து அவர் மறுக்கவில்லை. கிலோ ஒன்பது ரூபாய். மொத்தம் 5,400. கையில் 3,600 கொடுத்தோம். மீதி 1,800 ரூபாயைப் பதினைந்து நாளில் அனுப்புவதாகச் சொன்னோம். முப்பது பெட்டிகளில் அவர் மனைவியும் உறவுப் பெண்களும் மாலைக்குள் பழம் நிரப்பித் தந்தார்கள்.

அந்தக் கறுப்பு நம்மை ஏமாற்றியது எவ்வாறு என்பதைப் பிற்காலத்தில் நூல்களிலிருந்தும் உழவர்களிடமிருந்தும் கற்றோம். திராட்சைக் கனி இரண்டு தவணைகளில் வளர்கிறது. முதல் தவணையில் அது பெருக்கும் சொத்து புளிப்பு மட்டுமே. டார்டாரிக், மாலிக் என்னும் இரண்டு அமிலங்கள் அதில் சேர்கின்றன. பிஞ்சு கடினமாக, பச்சையாக இருக்கும். விதை முதிராத நிலையில் பறவையோ விலங்கோ தின்றுவிடாதபடி கொடி செய்துகொண்ட காவல் அது என்று சொல்லலாம். பிறகு வளர்ச்சி சற்றே நின்றாற்போல் தோன்றும். ஒரு வாரத்திற்குள் கனி மெதுவாகும், நிறம் மாறத் தொடங்கும். அப்போதுதான் இலைகள் சமைத்த சர்க்கரை கனிக்குள் விரைந்து இறங்குகிறது. அதே நேரத்தில் மாலிக் அமிலத்தைக் கனி தன் மூச்சிலேயே எரித்துக் குறைக்கிறது. வெப்பம் கூடக் கூட இது விரைவாக நடக்கும். டார்டாரிக் அமிலம் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. பன்னீர் மணம் தரும் பொருள்கள் தோலிலும் சதையிலும் கூடுவதும், விதை பச்சையிலிருந்து பழுப்பாகி, கடித்தால் மொறுமொறுவென்று உடைவதும் இதன் பின்பகுதியில்தான்.

ஆக, நிறம் என்பது பழுத்தலின் தொடக்கம். நாம் அதை முடிவு என்று கொண்டோம். மா, வாழையைப் போல் வீட்டில் வைத்துப் பழுக்கவைக்கும் வழியும் திராட்சைக்கு இல்லை. காம்பை வெட்டிய நொடியோடு இனிப்பேற்றம் நின்றுவிடும். பிறகு வாடலாம், அழுகலாம், கனிய முடியாது.

நிறமும் எப்போதும் உண்மை பேசுவதில்லை. இரவிலும் வெம்மை குறையாத நாள்களில் ஒரே கொத்தில் சில கனிகள் கறுப்பாகவும் சில செம்பச்சையாகவும் நிற்கும். சந்தைக்கோ ஒரே நிறம் வேண்டும். அதற்கென்று நிறமேற்றும் மருந்து தெளிப்பவர்களும் உண்டு. தோல் கறுக்கும், அதே அளவில் உள்ளே இனிப்பு ஏறும் என்பதில்லை. கொடியில் எத்தனை கொத்து விடுவது என்பதும் சிக்கல். பன்னீர்த் திராட்சை ஹெக்டேருக்கு ஆண்டில் முப்பது டன் வரை தரவல்லது. ஐரோப்பாவில் உயர்ந்த இரசம் செய்யும் தோட்டங்கள் ஏழெட்டு டன்னுக்கு மேல் விளையவிடாமல் கொத்துகளைக் களைந்துவிடுகின்றன. இலைகளின் உழைப்பு சில கொத்துகளுக்கே போய்ச் சேரட்டும் என்று. ஒன்றரை ஏக்கர்க்காரரிடம் கொத்தைக் கிள்ளி எறியச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

இல்லம் திரும்பிப் பழத்தைப் பிழிந்து, அளவியை மிதக்கவிட்டோம். பிரிக்ஸ் கணக்கில் பதினான்கு காட்டியது. அதாவது நூறு கிராம் சாற்றில் ஏறக்குறைய பதினான்கு கிராம் சர்க்கரை. நொதித்தலில் ஒரு விழுக்காடு சாராயம் உண்டாக லிட்டருக்கு ஏறத்தாழ பதினேழு கிராம் சர்க்கரை செலவாகும். கணக்குப் போட்டால் எட்டு விழுக்காட்டைத் தொடுவதே அரிது. இருபத்திரண்டு இருந்திருந்தால் பன்னிரண்டை எளிதாகத் தாண்டியிருக்கும். அத்தகைய இரசம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

உலகின் பிற இரசக்காரர்களுக்கு இங்கே ஒரு வழி உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலார் சாப்தல் பரிந்துரைத்துப் பரப்பிய முறை அது: குறையும் இனிப்பைச் சர்க்கரை கொட்டி நிரப்புவது. குளிர் மிகுந்த நாடுகளில் இன்றும் சட்டப்படியே செய்கிறார்கள். பீடத்திற்குச் செல்லும் இரசத்திற்கு அவ்வழி அடைபட்டிருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 924, இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாக வந்ததாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பிற பொருள் கலவாததாக இருக்க வேண்டும் என்று 2004-ல் வந்த உரோமை அறிவுரை மேலும் தெளிவாக்கியது. 2017-ல் ஆயர்களுக்கு அனுப்பப்பட்ட சுற்றுமடல் அதை நினைவூட்டியது. கெடாமல் காக்க வேண்டுமாயின் திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சிறிது சேர்க்கலாம் என்ற அனுமதி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தரப்பட்டிருந்தது. கரும்புச் சர்க்கரைக்கு அந்த இடம் தரப்படவில்லை. தோட்டத்தில் வராத இனிப்பைக் கொட்டகையில் யாரும் உண்டாக்கிவிட முடியாது.

இவ்விதியைக் கடுமை என்று எண்ண வேண்டாம். திருச்சபை இதில் பலவற்றுக்கு இடம் தந்தே வந்திருக்கிறது. திராட்சையே விளையாத நாடுகளில் உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்து எடுக்கும் இரசத்தை, நிறமும் சுவையும் மெய்யான இரசம் என்று காட்டுமாயின் உரோமை ஏற்றுக்கொண்டது. மலையாளக் கரையின் தோமையார் கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் அவ்வாறே செய்துவந்தனர். மது அருந்த இயலாத குருக்கள், நொதித்தல் நிறுத்தப்பட்ட தூய சாற்றை ஆயரின் அனுமதியோடு பயன்படுத்தலாம் என்பதை 2003-ஆம் ஆண்டு மடல் உறுதிசெய்தது. அக்குவினா தோமையார் இனிய சாற்றுக்குத் தந்த அதே இடம்! நம் பதினான்கு பிரிக்ஸ் சாறு அவருடைய தராசில் எந்தத் தட்டில் விழுந்திருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் எண்ணிப் பார்ப்பதுண்டு. செல்லாதது என்று சொல்லிவிட முடியாது. கனிந்தது என்றும் சொல்ல முடியாது.

அந்த இரசம் ஆறு வாரத்தில் புளிக்காடியானது. சாராயம் குறைவு, கோடை போன்ற வெப்பம், இவற்றுடன் கலத்தை முழுதும் நிரப்பாமல் காற்றுக்கு இடம் விட்டிருந்தோம். மூன்றில் இரண்டு நம் பிழை: முன்னதாக வெட்டச் சொன்னது, கலத்தைக் கவனியாதது. அன்று நமக்குத் தெரிந்ததோ ஒன்றே ஒன்று: பழம் சரியில்லை. பழத்தை விற்றவர் பெரியவர். மீதித் தொகையை அனுப்பும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. இல்லத் தலைவர், “உம் முடிவுக்கு விடுகிறேன்” என்றார். நாம் ஓர் அஞ்சலட்டை எழுதினோம்: பழம் தரமற்றதாக இருந்தமையால் மீதித் தொகை தருவதற்கில்லை. தமிழ் நடை நன்றாகவே அமைந்திருந்தது என்று நினைவு.

பொறுக்கச் சொன்னவர் அவர்; பொறுக்காதவர் நாம். இது உறைக்க ஓராண்டு பிடித்தது. குருப்பட்டத்திற்கு முந்தைய தியானத்தில் ஒப்புரவு அருட்சாதனத்தில் சொன்னோம். கேட்ட முதிய குருவானவர், “ஈடுசெய்து விடும்” என்று மட்டும் சொன்னார். ஏழாம் கட்டளையின் கீழ் ஈடுசெய்தலைப் பற்றிக் குருமடத்தில் ஒரு பருவம் முழுதும் படித்திருக்கிறோம். யாருக்கு, எவ்வளவு, எப்போது, இறந்துபோயிருந்தால் யாருக்கு என்று வகை வகையாகச் சொல்ல முடியும். ஆனால் பணி மாற்றங்கள், கோயில் கட்டுமானம், பள்ளி என்று ஆண்டுகள் ஓடின. உண்மையில் ஓடியவர் நாம்தாம்.

இங்கே பங்குப் பொறுப்பு வந்த முதல் மாதம், அந்தத் தோட்டத்தைத் தேடிச் சென்றோம். பெரியவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மூதாட்டி இருந்தார். மகன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். நம்மை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் தெரிந்தது.

“அந்த அட்டை வந்துச்சு, சாமி. அவருக்குப் படிக்கத் தெரியாது. இவன் அப்ப ஏழாப்பு. இவன்தான் வாசிச்சுக் காட்டினான்.”

மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாமும் அதையே செய்தோம்.

பிறகு மூதாட்டி சொன்ன செய்திக்கு நாம் ஆயத்தமாக இல்லை. “நீங்க வெட்டிட்டுப் போன மூணாம் நா மழை பிடிச்சுக்கிருச்சு. நாலு நா விடல. கொடியில நின்ன பழம் பூராம் வெடிச்சுப் போச்சு, சாமி. எறும்பும் ஈயுந்தான். நீங்க எடுத்த முப்பது பெட்டிதான் அந்தப் போகத்துல காசானது.”

கனியத் தொடங்கிய பழத்தின் தோல் மெல்லியது. மழை நீரை உறிஞ்சி உள்ளே பெருத்தால் வெடித்துவிடும். பன்னீர்த் திராட்சைக்கு இது பெரும்பகை. பெரியவர் சொன்னபடி பத்து நாள் பொறுத்திருந்தால் அவர் கையில் ஒன்றும் இருந்திராது. நம் அவசரம் அவர்களுக்குத் தற்செயலாக நன்மையாயிற்று என்று மூதாட்டி ஆறுதலாகச் சொன்னார். நமக்கு வேறு கணக்கு தெரிந்தது. அந்த ஒரே வருவாயில் மூன்றிலொரு பங்கைத்தான் நாம் அஞ்சலட்டையில் எழுதித் தள்ளியிருந்தோம்.

உறையில் 1,800 ரூபாயுடன், கழிந்த ஆண்டுகளைக் கருதி இயன்றதைச் சேர்த்து வைத்திருந்தோம். மூதாட்டி மகனை எண்ணச் சொன்னார். 1,800-ஐ எடுத்துக்கொண்டு மீதியை உறைக்குள்ளேயே போட்டுத் திருப்பித் தந்தார். “வட்டி வாங்கற பழக்கம் அவருக்கு இல்லை, சாமி.” காப்பி கொடுத்தார். குடித்தோம்.

அன்றிலிருந்து அத்தோட்டத்திற்கு அடிக்கடி போகிறோம். பழுத்தலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி அங்கே கற்றது. அருகிலுள்ள ஆனைமலையன்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மகன் அங்கே போய்வருபவர். சட்டைப் பையில் பிரிக்ஸ் மீட்டர் வைத்திருக்கிறார். கொத்தின் மேல்புறம், நடு, நுனி என மூன்று இடங்களில் கனி பறித்து, கண்ணாடியில் ஒரு சொட்டுப் பிழிந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் படிக்கிறார். நுனிக் கனி பெரும்பாலும் பின்தங்கியே இருக்கும் என்றார். வியாபாரிகள் பார்ப்பதோ மேல்கொத்தின் நிறத்தை. முன்பணம் வாங்கிய தோட்டங்களில் வெட்டும் நாளைக் குறிப்பதும் பல வேளைகளில் அவர்களே.

எரேமியாவும் எசேக்கியேலும் ஒரு பழமொழியை மறுத்துப் பேசுகிறார்கள்: தந்தையர் புளித்த திராட்சையைத் தின்ன, பிள்ளைகளின் பற்கள் கூசின என்னும் மொழி. அதைப் பற்றி நாம் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். இப்பங்கில் அதை எடுக்கும்போதெல்லாம், மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும், அன்று ஏழாம் வகுப்பில் அட்டையை வாசித்த அந்த மனிதரை நோக்காமல் பேச முடிவதில்லை. கிழக்குத் திருச்சபைகளில் ஆகஸ்டு 6, ஆண்டவரின் உருமாற்ற விழாவன்று புதுத் திராட்சையை மந்திரிக்கும் வழக்கமுண்டு. அதுவரை அவ்வாண்டின் பழத்தை உண்ணாதிருப்போரும் உண்டு. இங்கே ஆண்டு முழுதும் பழம் என்பதால் அத்தகைய விழாவுக்கு இடமில்லை. எனினும் சென்ற ஆண்டு அவ்விழாத் திருப்பலியில் ஒரு கொத்து கொண்டுவரச் சொன்னோம். மகன் கொண்டுவந்தது முழுதும் கறுத்த கொத்தன்று; ஆங்காங்கே சிவப்பு. “இதான் சாமி இருக்கறதுல இனிப்பு” என்றார்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒரு மாலையில் தோட்டத்தில் நின்றோம். மீட்டர் பதினாறு காட்டியது. வியாபாரியின் வண்டி மறுநாள் காலை வருவதாக இருந்தது. மேகமலையின் மேல் கருமேகம் இறங்கியிருந்தது.

“வெட்டவா, விடவா, சாமி?” என்று மகன் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உரிமையை 1997-லேயே இழந்துவிட்டோம். “அம்மாவைக் கேளுங்கள்” என்றோம். மூதாட்டி பந்தலுக்குள் மெல்ல வந்தார். தாழ்ந்த கொத்தின் நுனியிலிருந்து ஒரு கனியைப் பறித்து வாயிலிட்டு, விதையை உள்ளங்கையில் துப்பி, வெளிச்சத்தில் பார்த்தார். பல் இல்லாததால் மகனிடம் கொடுத்துக் கடிக்கச் சொன்னார்.

“இன்னும் நாலு நா போகட்டும்” என்றார்.

மகன் வியாபாரிக்குத் தொலைபேசியில் சொன்னார். அன்றிரவு நாம் மூன்று முறை எழுந்து, அறைவீட்டு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தோம்.